இல்-பிசார் வீட்டுக்கு எந்த ரிமோட்?

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என்னிடம் கேட்டது சின்ன உதவிதான். வாடிக்கையாளருக்கு, எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிவர்சல் ரிமோட் தெரிவு செய்யும்போது எதையெதைப் பார்க்க வேண்டும், ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள் அண்ணை என்றீர்கள். ஓய்வு பெற்றவனிடம் ஒரு பக்கம் கேட்டது உங்கள் பிழை. அவனிடம் நேரம் கொட்டிக் கிடக்கிறது. இனி அனுபவியுங்கள்.

அந்த ஒரு பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அவை அலுமாரிக் கதவுக்குப் பின்னால் இருந்தால், நேரே நீட்டிப் பிடிக்க வேண்டிய ரிமோட் உதவாது. தொடுதிரை வேண்டுமா பட்டன் வேண்டுமா என்று கேட்கிறபோது, கண்ணாடி போட்டவராக இருந்தால் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒரே பட்டனை அழுத்தினால் டிவி, சத்தத்தைப் பெருக்கும் அம்ப், பிளேயர் எல்லாம் வரிசையாக இயங்கும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். அந்த வரிசை ஒரு நாள் கட்டாயம் குழம்பும், குழம்பினால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே காட்டிவிட்டு வாருங்கள். மிச்சமெல்லாம் பெட்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் மீதிப் பக்கங்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் மற்றவர்களுடைய வரவேற்பறைகளில் குந்தியிருந்து வயர் இழுத்தவன் நான். மொன்ட்ரியால்-நோரில் ஒரே அறையில் ஒன்பது பேர் பார்க்கிற டிவியும் சுவரில் பூட்டியிருக்கிறேன், யாருமே பார்க்காத பெரிய திரைகளும் பூட்டியிருக்கிறேன். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே அவருக்கு எந்த ரிமோட் சரிவரும் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர் கழன்ற கதை இது.

பெப்ரவரி முடிகிற நேரம். இல்-பிசாரிலிருந்து ஒருவர் கடைக்கு அழைத்தார். இல்-பிசார் உங்களுக்குத் தெரியுந்தானே, மொன்ட்ரியாலை ஒட்டின தனித் தீவு, பஸ் குறைவு, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். அங்கே வேலைக்குப் போய் ஒரு திருகாணி குறைந்தாலும் அரைநாள் போய்விடும். அழைத்தவர் தமிழ்நாட்டுக்காரர். விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், இன்ஜினியர் என்றே சொல்கிறேன்.

"நீங்க சிலோனா?" என்றார்.

"ஓம் சேர், யாழ்ப்பாணம்."

"ரொம்ப நல்லது, தமிழ்லயே பேசலாம். ஏழு யூனிவர்சல் ரிமோட்டை கம்பேர் பண்ணி டேபிள் போட்டு வெச்சிருக்கேன். எதுன்னு நீங்க வந்து முடிவு பண்ணித் தரணும். என் ஒய்ஃபுக்கு."

"அவவுக்கு எப்பிடியானது விருப்பம் எண்டு கேட்டனீங்களோ?"

"அவளுக்கு என்ன தெரியும்? டிவி ஆன் பண்றதுக்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவா."

அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இந்த இடத்தில் நீங்கள் சிரிக்காதீர்கள்.

போனேன். வீட்டுக்குக் கீழே பேஸ்மென்டில் அவர் ஒரு சின்னத் திரையரங்கே வைத்திருந்தார். சுவர் நிறைந்த டிவி, மூலைக்கு மூலை ஸ்பீக்கர், பழைய அம்ப் ஒன்று, டிஸ்க் பிளேயர், கேபிள் பெட்டி, தமிழ்ச் சானல் பெட்டி, ரெக்கோர்டிங் பெட்டி. ஆறு கருவிக்கும் ஆறு ரிமோட். ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டி, மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கியிருந்தார். கூடவே மனைவிக்காக அவரே எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்ட பதினான்கு பக்க வழிகாட்டி. படம் வந்து சத்தம் வராவிட்டால் எட்டாம் பக்கம், சத்தம் வந்து படம் வராவிட்டால் ஒன்பதாம் பக்கம்.

அந்த அம்பிலே ஒரு வில்லங்கம் இருந்தது. போடுவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே பட்டன். ஏற்கனவே போட்டிருக்கிறதென்று தெரியாமல் புது ரிமோட் அதை அழுத்தினால், நிறுத்திவிடும். இதை எப்படிச் சமாளிப்பது என்று நானும் இன்ஜினியரும் இரண்டு மணி நேரம் கதைத்தோம். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. தொழிலைத் தெரிந்த ஒருவரோடு கதைப்பது எவ்வளவு அருமை என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

அவருடைய மனைவி ராஜி அம்மா இரண்டு தரம் இறங்கி வந்தார். ஒரு தரம் கோப்பியும் முறுக்கும். மற்றத் தரம் வெறுங்கையோடு வந்து, கதவடியில் நின்று, கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். நான் கடமைக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

"அம்மா, நீங்கள்தானே இதைப் பிடிக்கப் போறீங்கள். உங்களுக்கு எது வசதி?"

"அவர் சொல்றதையே போட்டுக் குடுங்க."

அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் இதுதானே வழக்கம். டிவிக்கு முன்னால் ஆம்பிளைகள் நின்று கதைப்போம், கோப்பி வரும், கோப்பி கொண்டு வந்தவரிடம் மரியாதைக்கு ஒன்று கேட்போம், அவரும் மரியாதைக்கு ஒன்று சொல்வார். வேறு ஆட்களின் வீட்டில் என்றால் ரிமோட்டை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, செய்யுங்கள் பார்ப்போம் என்றிருப்பேன். வயதில் மூத்த தமிழ் அம்மாவிடம் அப்படிச் செய்ய எனக்குக் கூச்சமாக இருந்தது.

மேலே ஏறி வரும்போது இன்ஜினியர் படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். குசினியில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் இருந்தது. ஹீட்டர் வடிகட்டி மாற்றுவது, தண்ணீரின் பிரதான வால்வு, கராஜ் கதவு, வரிக் கடுதாசிகள் இருக்கும் இடம், காருக்குக் குளிர்கால டயர் போடும் ஆளின் நம்பர், பனி தள்ளும் மெஷின். எல்லாவற்றுக்கும் சரி அடையாளம் போட்டிருந்தது. கடைசி வரியில் 'டிவி' என்று மட்டும் அடையாளமில்லாமல் நின்றது.

"ஹார்ட்ல ஒரு வால்வு மாத்தணும்" என்றார், ஏதோ குழாயைப் பற்றிச் சொல்வதுபோல. "ஒரு தடவை தள்ளிப் போட்டேன். ஏப்ரல்ல மறுபடி தேதி குடுத்திருக்காங்க. இந்த லிஸ்ட் முடியாம நான் போய்ப் படுக்க மாட்டேன். பசங்க ரெண்டு பேரும் மேற்கால, ஃப்ளைட்ல வர்ற தூரத்துல இருக்காங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவ இந்த வீட்டுல ஒரு டிவிகூடப் போடத் தெரியாம உக்காந்திருக்கக் கூடாது."

"டொக்டர் என்ன சொல்லுறார் சேர்?"

"இன்னொரு தடவை தள்ளினா அவர் பொறுப்பில்லைன்னு சொல்றார்."

ராஜி அம்மா முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தவில்லை.

வெளியே வந்தால், வாசல் பாதையில் பனி நூல் பிடித்ததுபோல் நேராகத் தள்ளப்பட்டிருந்தது. யார் சேர் தள்ளினது என்றேன். ராஜிதான், ரெண்டே நாள்ல பழகிட்டா என்றார். கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டு கடை வான் வண்டியில் ஏறினேன். பெற்றோல் ஊற்றி, கயிறு இழுத்து, அந்தப் பெரிய மெஷினை இரண்டே நாளில் பழகிய பெண்ணுக்கு ஒரு டிவி போட ஏன் பதினான்கு பக்கம் போதவில்லை? இந்தக் கேள்வி எனக்கு அங்கேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

அடுத்த கிழமை அவருடைய அட்டவணையில் முதலாவதாக நின்ற தொடுதிரை ரிமோட்டைக் கொண்டுபோய்ப் பழக்கினோம். ராஜி அம்மா அழுத்தினார், வேறெங்கோ போனது. திரும்ப அழுத்தினார், முழுவதும் நின்றது. சரி, தொடுதிரை பிடிபடவில்லை என்று முடிவு கட்டி, இரண்டாம் முறை பெரிய பட்டன் வைத்த ஒன்றைக் கொண்டுபோனேன். பட்டன்களுக்கு நிறம் ஒட்டினேன். பச்சை என்றால் தொடக்கம், சிவப்பு என்றால் முடிவு. அவர் சிவப்பில் தொடங்கினார்.

"எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று இன்ஜினியர் கத்தினார். கத்தியதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். ராஜி அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. தண்ணீர் எடுக்க ஓடினார். நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோவணம் அவிழ்ந்தவன் மாதிரி நின்றேன்.

மூன்றாம் முறை போக வேண்டிய நாளில், அதற்கு முதல் போகவிருந்த வீட்டுக்காரர் வர வேண்டாம் என்றுவிட்டார். ஒரு மணி நேரம் முந்தி இல்-பிசாருக்குப் போய்விட்டேன். மணி அடித்தேன், பதிலில்லை. பேஸ்மென்டிலிருந்து சத்தம் கேட்டது. பக்கவாட்டாகப் போய், தரையோடு இருக்கும் சின்ன ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அப்படிப் பார்ப்பது மரியாதையில்லை என்று தெரியும், பார்த்தேன்.

ராஜி அம்மா தனியே இருந்தார். மடியில் ஆறு ரிமோட்டும் கிடந்தன. திரையில் பழைய வீடியோ. இரண்டு சின்னப் பிள்ளைகள் பனியில் விழுந்தெழும்புகின்றன. படமெடுத்தவர் படத்தில் இல்லை, அவருடைய குரல் மட்டும் கேட்டது. இன்ஜினியரின் குரல்தான், இளமையாக, மூச்சு வாங்காமல். ராஜி அம்மா குனிந்து பார்க்காமலே ஒரு ரிமோட்டை எடுத்தார், படம் பின்னுக்குப் போனது. இன்னொன்றை எடுத்தார், குரல் கூடியது. திரும்பவும் அதே இடத்தைக் கேட்டார்.

நான் கண்ணாடியில் மெல்லத் தட்டினேன். அவர் திடுக்கிட்டார். ஆனால் அந்தத் திடுக்கிட்ட நேரத்திலும் கை பிழைக்கவில்லை. முதலில் சத்தத்தைக் குறைத்தார், பிறகு பிளேயரை நிறுத்தினார், பிறகு அம்ப், கடைசியாக டிவி. எங்கள் கடையில் இரண்டு வருடம் வேலை செய்த ஆட்களே அந்த ஒழுங்கில் நிறுத்துவதில்லை. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கதவைத் திறந்தார். 

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான் அம்மா. மணி அடிச்சனான், உங்களுக்குக் கேக்கேல்லை."

"பாத்துட்டீங்களா?"

"ஓம்."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கணவரை அவருடைய நண்பர் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருப்பதாகச் சொன்னார். பிறகு ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினார்.

"அதுல இது ஒண்ணுதான் பாக்கி. இதுக்கும் டிக் போட்டாச்சுன்னா, எல்லாத்தையும் முடிச்சுட்ட மாதிரி கிளம்பிடுவார். ஊரைக் காலி பண்ணிட்டுப் போறவங்க மாதிரி. எனக்கு அது தாங்கலை."

"ஆனா அம்மா, போகாட்டித்தானே கூட ஆபத்து?"

"தெரியும். நான் படிச்சவதான். மண்டைக்குத் தெரியுது. அவர் முன்னாடி அந்தப் பச்சை பட்டன்கிட்ட விரல் போனா, நடுங்குது. அப்புறம் சிவப்பை அமுக்கிடறேன்."

 இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பயந்து, ஒரு ரிமோட்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இன்ஜினியர், மனைவி பழகும்வரை ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார். ராஜி அம்மா, கணவர் போய்விடுவார் என்பதற்காகப் பழகியதாகக் காட்ட மாட்டார். ஏப்ரல் திகதிக்கு இன்னும் பத்து நாள்.

இப்படியான நேரத்தில் எங்களைப் போன்ற தொழில்காரருக்கு ஒரு கெட்ட புத்தி வரும். கருவியால் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். நான் சொன்னேன்: "அம்மா, நான் புது ரிமோட்டில ஒரேயொரு பட்டன் வைக்கிறன். நீங்கள் தெரியாத மாதிரியே இருந்து, அதை மட்டும் ஒருக்கா அமத்துங்கோ. சேருக்கு நிம்மதி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். மிச்சத்தை அவர் வந்தாப் பிறகு பாப்பம்."

அவர் யோசித்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்ஜினியர் வந்ததும், இன்றைக்குப் பெட்டியில் ஒரு பாகம் குறைகிறது, அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று ஒரு புளுகு விட்டுவிட்டு வந்தேன்.

வண்டியில் இருந்தபடியே எங்கள் முதலாளி அம்மாவுக்குப் போன் எடுத்தேன். லாசாலில் கடை வைத்திருந்தார், இந்தத் தொழிலில் எனக்கு எல்லாம் காட்டித் தந்தவர் அவர்தான், கெபெக்காரி, இந்த மாகாணத்துப் பிரெஞ்சுக்காரி. மதாம் என்றுதான் கூப்பிடுவேன். நடந்ததைச் சொன்னேன், என் ஒற்றைப் பட்டன் திட்டத்தையும் சொன்னேன். பாராட்டு வரும் என்று நினைத்தேன். மதாம் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

"நீ டிவி பூட்டப் போனவன். பூட்டு. அந்தக் கிழவரை ஏமாற்றி ஒபரேஷனுக்கு அனுப்ப உன்னை யாரும் கூப்பிடவில்லை. அவர் உள்ளே போய் ஏதும் நடந்தால், கடைசியாக அவரோடு பொய்யாக இருந்தேன் என்று அந்தப் பெண் எத்தனை வருடம் நினைப்பாள்?"

"அப்ப அவரிட்டை நான் உண்மையைச் சொல்லவோ?"

"அதையும் நீ சொல்லாதே. அது அவளுடையது."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"ரிமோட்டை ஒழுங்காக புரோகிராம் பண்ணிக் கொண்டுபோ. வாயை மூடிக்கொண்டு நில்." வைத்துவிட்டார்.

கதைக்கத் தெரிந்தவனுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினமான வேலை என்று வெள்ளிக்கிழமைதான் அறிந்தேன்.

அன்றைக்கு இன்ஜினியர் பட்டியலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தபடி கதிரையில் இருந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. ஒற்றைப் பட்டன் யோசனையை நான் கைவிட்டிருந்தேன். ரிமோட்டை முழுதாக புரோகிராம் செய்து ராஜி அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பச்சையை அழுத்தினார். டிவி வந்தது. படம் வந்தது. சத்தம் இல்லை. இன்ஜினியர் சூடாகட்டும் என்று அம்பை முதலே போட்டு வைத்திருக்கிறார், அவருடைய பழக்கம் அது. ரிமோட் அதை நிறுத்திவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் என்னிடம். குரலில் கோபம்கூட இல்லை, களைத்துப் போயிருந்தார். "இது நடக்காது. நான் ஆஸ்பிடலுக்கு போன் பண்ணி அப்புறம் பாக்கலாம்னு சொல்லிடறேன்."

பிழை அவருடையது, அம்மாவுடையதில்லை என்று என் வாயில் வந்துவிட்டது. விழுங்கினேன்.

ராஜி அம்மா புது ரிமோட்டை மேசையில் வைத்தார். மரப்பெட்டியைத் திறந்தார். மூன்றாம் இலக்கத்தை எடுத்து அம்பைப் போட்டார். ஒன்றாவதை எடுத்து டிவியைப் பிளேயருக்கு மாற்றினார். நான்காவதை எடுத்து டிஸ்கை ஓட விட்டார். பின் ஸ்பீக்கர்களின் சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்தார், இன்ஜினியர் எப்போதும் குறைக்கிற அந்த இரண்டு புள்ளி. பிறகு கேபிள் பெட்டி, தமிழ்ச் சானல், ரெக்கோர்டிங் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி, ஒழுங்காக நிறுத்தினார். எட்டாம் பக்கமும் தேவைப்படவில்லை, ஒன்பதாம் பக்கமும் தேவைப்படவில்லை.

இன்ஜினியரின் பேனா கையிலேயே நின்றது.

"எத்தனை நாளா தெரியும்?"

"ஒவ்வொண்ணும் நீங்க வாங்கிட்டு வந்த அன்னிலேர்ந்து."

"அப்ப இத்தனை வருஷமா ஒவ்வொரு தடவையும் என்னை ஏன் கீழ கூப்பிட்டே?"

"கூப்பிட்டா வருவீங்களே." அவர் குரல் உடைந்தது. "ஆபீஸ்லேர்ந்து வந்தா ஒரு ரூம்ல நீங்க, ஒரு ரூம்ல நான். டிவி வரலைன்னு சொன்னா எழுந்து வருவீங்க. போட்டுக் குடுத்துட்டுக் கொஞ்ச நேரம் உக்காருவீங்க. இப்ப இதுவும் எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, உங்களுக்குக் கவலையே இல்லாம போய்டுவீங்க. கவலையோட போங்க. கவலை இருந்தாத் திரும்பி வருவீங்க."

இதைத்தான் அந்த அம்மா ஆறு கிழமையாக நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறார். நான் ஸ்பீக்கர் வயரை இல்லாத முடிச்சு அவிழ்ப்பதுபோல் தடவிக்கொண்டு நின்றேன்.

 இன்ஜினியர் பேனாவை மூடினார். "திங்கக்கிழமை போலாம். டிக் வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்" என்றார். மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார். கண்ணைத் துடைக்கவும் வெட்கம், துடைக்காமல் இருக்கவும் முடியவில்லை அவருக்கு.

ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அதை அந்த வீட்டில் விற்கவில்லை. மதாமிடம் சொன்னபோது, நல்லது, அதைக் கண்ணாடி அலுமாரியில் திரும்ப வை என்றார், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ராஜி அம்மாவிடமிருந்து போன் வந்தது. லவாலிலிருந்து தீவுக்கு வரும் படகு ஓடத் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் வேலையிருந்தால் அதில் வந்தால் சுகம் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு மற்றதைச் சொன்னார். வால்வு மாற்றியது நல்லபடி நடந்திருக்கிறது. ஆனால் இரண்டாம் நாள் ஒரு சின்ன இரத்தக் கட்டி மூளைக்குப் போய், வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாகத் திரும்பி வருகிறது. கை வரவில்லை.

"ஒரு ரிமோட் வேணும்" என்றார். "எழுதிக்கிறீங்களா? இடது கைக்கு. தொடுதிரை வேண்டாம். பழைய ஆறையும் ஒவ்வொண்ணாக் கையில குடுத்துப் பாத்தேன். டிவியோடது வழுக்குது, கேபிளோடது கனம். பிளேயரோடது மட்டும் நிக்குது, அந்த அகலம் இருக்கணும். முதுகு சொரசொரன்னு இருக்கணும். பட்டனைப் பாக்காமலே கட்டை விரலுக்கு வித்தியாசம் தெரியணும். ஆறு பட்டனுக்கு மேல வேண்டாம். சத்தம் போய்ட்டா திரும்பக் கொண்டுவர ஒண்ணு கண்டிப்பா வேணும்."

எழுதிக்கொண்டே எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் கையை நான் இப்படி அளந்து பார்த்ததில்லை. பிள்ளைகளே, நீங்கள் கேட்ட பட்டியல் இதுதான். வேறு பட்டியல் என்னிடம் இல்லை.

அவர் சொன்னதற்குப் பொருந்துகிற ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு போனேன். முதுகுக்கு நானே இறப்பர் ஒட்டினேன். இன்ஜினியரை இருவருமாகப் பிடித்து மெதுவாகப் பேஸ்மென்டுக்கு இறக்கினோம். பாதியாக மெலிந்திருந்தார். என்னிடம் ஏழு ரிமோட்டையும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டிய மனிதர், இடது கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு முதல் பட்டனைத் தேடினார்.

படம் வந்தது. சத்தம் வரவில்லை. அவர் நெற்றி வியர்த்தது. நான் உதவப் போய் ஓரடி முன்னுக்கு வைத்தும்விட்டேன்.

"இருங்க" என்றார் ராஜி அம்மா. "அவர் பண்ணுவார்." சொல்லிவிட்டுப் படியில் ஏறி மேலே போய்விட்டார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டை விரல் ஒரு பட்டனில் ஏறியது, இறங்கியது, அடுத்ததைத் தடவியது. பிழையானதை அழுத்தினார், சானல் மாறியது. திரும்பத் தொடங்கினார். எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் சத்தம் வந்தது. பிரெஞ்சில் யாரோ நாளைக்கு மழை என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. படிப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கூப்பிட்டார்.

"ராஜி... இங்க வா."

மேலேயிருந்து பதறிய குரல் வந்தது. "ஏங்க, வரலையா?"

"வந்துடுச்சு" என்றார். "நீ வா."